வீட்டுக்குள் வௌவால்! முதலில் எந்த ஸ்விட்சைத் தட்ட வேண்டும், தெரியுமா?

இரவு ஒன்பது மணி. சீரியல் உச்சக்கட்டத்தில் இருக்கிறது. திறந்து கிடந்த பால்கனிக் கதவு வழியே கறுப்பாக ஏதோ ஒன்று உள்ளே பாய்ந்து டியூப்லைட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. "ஐயோ, வௌவால்!" முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா சமையலறைக்கு ஓட்டம். "துண்டை எடுடா!" என்கிறார் தாத்தா. "துடைப்பம் எங்கேம்மா?" என்று கத்துகிறான் அண்ணன். இந்தக் களேபரத்தில் முதலில் தட்ட வேண்டிய ஸ்விட்ச் எது தெரியுமா? லைட் ஸ்விட்ச் இல்லை. ஃபேன் ஸ்விட்ச்!

தலைக்கு மேல் சுற்றும் அந்த மூன்று இறக்கைதான் நம் ஊர் வீட்டுக்குள் வரும் வௌவாலுக்கு எமன். காரிருளில் தொங்கும் மெல்லிய நூலைக்கூட உணர்ந்து விலகுகிற பிராணி, சுழலும் தகட்டில் அடிபட்டுத் தொப்பென்று விழுகிறது. விழுந்த பிறகு? "பாவம்டா" என்று யாராவது வெறுங்கையால் தூக்குவார்கள். வலியில் துடிக்கிற வௌவால் கடிக்கும். அரை மணியில் தானாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் ஆஸ்பத்திரி வரை போய்விடும். ஆகவே சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன், சமையலறையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் என எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

அது உங்கள் மேல் பாயவே இல்லை, தெரியுமா?

"என் தலைக்கு நேராகவே வந்துச்சு!" வௌவால் புகுந்த வீட்டில் எல்லாரும் சொல்வது இதைத்தான். வந்தது உண்மைதான். ஆனால் அது உங்களைத் தேடி வரவில்லை. சுவரை நெருங்கியதும் வௌவால் திரும்பியாக வேண்டும். திரும்பும்போது வேகம் குறையும், அதனால் சற்று மேலே ஏறித் திரும்பும். விட்ட வேகத்தைப் பிடிக்க மறுபடி கீழ்நோக்கி வரும். ஆக அறையின் ஓரங்களில் உயரத்திலும் நடுவில் தாழ்வாகவும் பறக்கிறது. நடு ஹாலில் நின்று கத்துகிறவர் தலையை உரசுவதுபோல அது போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இரண்டு எட்டு வைத்துச் சுவரோரம் ஒதுங்குங்கள். உங்களைச் சட்டை செய்யாமல் அது பாட்டுக்குச் சுற்றும்.

முடியில் சிக்கிக்கொண்டால் எடுக்கவே முடியாது என்ற பயம் நம் ஊரில் மட்டும் உண்டு என்று நினைத்தீர்களா? இங்கிலாந்திலும் அதே கதை! இதைச் சோதித்தே பார்த்துவிடுவோம் என்று 1959-இல் கிரான்புரூக் பிரபு என்பவர், முன்வந்த பெண்களின் கூந்தலுக்குள் வௌவால்களை வலிய விட்டுப் பார்த்தார். அவை சிரமமில்லாமல் வெளியே வந்துவிட்டன. தலையைக் கொடுத்த அந்தப் பெண்களின் தைரியத்தைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

வெளியே அனுப்பும் கலை

ஃபேன் நின்றாயிற்று. அடுத்து? குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். பூனையோ நாயோ இருந்தால் அதையும். வீட்டின் உள்பக்கக் கதவுகளை, அதாவது படுக்கையறை, பூஜையறை, குளியலறைக் கதவுகளைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு அறையில் முடிகிற வேலை நான்கு அறைக்குப் பரவும். பிறகு வெளியே திறக்கும் எல்லாவற்றையும் அகலத் திறந்து வையுங்கள்: ஜன்னல், பால்கனிக் கதவு, வாசற்கதவு. இங்கேதான் ஒரு விஷயம் பலருக்கும் மறந்துபோகும். கொசு வலை! ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, அதில் ஒட்டியிருக்கும் வலையை அப்படியே விட்டுவிட்டு, "திறந்துதானே வச்சிருக்கோம், ஏன் போகமாட்டேங்குது?" என்று கேட்பார்கள். வலையைப் பிரித்தெடுங்கள். திரைச்சீலையை ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். தொங்குகிற துணியைப் பார்த்தால் அதில் தொற்றிக்கொள்ளத்தான் அதற்குத் தோன்றும்.

இப்போது விளக்கை அணைக்கலாம். அது எந்த வழியாகப் போகிறது என்று நமக்குத் தெரியும் அளவுக்கு ஒரு சின்ன நைட் லேம்ப் மட்டும் எரியட்டும். டிவி வேண்டாம். பேச்சும் வேண்டாம். சுவரோரமாக, அல்லது கதவுக்கு அப்பால் நின்று வேடிக்கை பாருங்கள். சுற்றிச் சுற்றி வந்து, வெளிக்காற்று வரும் திசையைப் பிடித்து, பெரும்பாலும் கால் மணி அரை மணிக்குள் போய்விடும். துண்டை வீசுவது, துடைப்பத்தால் அடிப்பது, டென்னிஸ் மட்டை மாதிரி இருக்குமே கொசு பேட், அதைத் தூக்குவது, எதுவும் கூடாது. அதன் சிறகு என்பது உண்மையில் கை. நம்முடையதைப் போலவே ஐந்து விரல்கள். கட்டைவிரல் சின்னக் கொக்கியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மற்ற நான்கும் குடைக்கம்பிபோல மெலிந்து நீண்டு தோலைத் தாங்குகின்றன. துடைப்பத்தின் ஓர் அடியில் ஒடிவது அந்த விரல்.

நீங்கள் சுவரோரம் ஒதுங்கப் போகும் முன் அவசரமாக எதை மூட வேண்டும் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் இருக்கும் குழம்பையும் தண்ணீர்க் குடத்தையும்!

குட்டியானதும் பெரியதும் ஒன்றல்ல

உலகில் 1,400-க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால்! எலி, அணில் கூட்டத்துக்கு அடுத்தபடி பெரிய கூட்டம் இதுதான். அதில் நம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, ஐந்து கிராம்கூடத் தேறாத பூச்சிதின்னிக் குட்டி வௌவால், சிலர் துரிஞ்சில் என்பார்கள். டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சியைத் துரத்திக்கொண்டு, தான் எங்கே நுழைகிறோம் என்று தெரியாமலே உள்ளே வந்துவிடும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது ஜன்னலை மூடி வைத்தால் பாதி வருகையைத் தவிர்க்கலாம். இன்னொன்று, நாய் முகமும் பெரிய கண்ணும் கொண்ட குட்டைமூக்குப் பழந்தின்னி. கொய்யாவோ நாவலோ அத்தியோ வாயில் கவ்விக்கொண்டு வந்து, போர்ட்டிகோவில் தொங்கியபடி சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். காலையில் சுவரெல்லாம் கறை, கார் மேல் கொட்டை. அந்த ஆசாமிதான் இது.

இந்தப் பழந்தின்னி வீடு கட்டும், தெரியுமா? ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்தின் இலைகளையும் கொடிகளையும் கூந்தற்பனையின் காய்க்குலையையும் பல்லால் கடித்துக் கடித்துக் குடைந்து ஒரு கூடாரம் அமைக்கிறது. பெண்கள் வந்து தங்கும். தென் தமிழ்நாட்டில் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து எழுதி வைத்த சங்கதி இது. நெட்டிலிங்கம் வரிசையாக நிற்கும் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அண்ணாந்து பாருங்கள், அகப்படலாம்.

இருட்டில் இத்தனை துல்லியமாகப் பறப்பது எப்படி? இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானிக்கு 1793-இல் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு மூடிய அறை, தொங்கவிட்ட நூல்கள், வௌவால். கண்ணைக் குருடாக்கியும் அது நூலில் மோதாமல் பறந்தது! (கொடுமைதான், அந்தக் காலத்து அறிவியல் அப்படி.) ஜெனீவாவில் லூயி ஜுரின் என்ற மருத்துவர் காதை அடைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், கண்ட இடத்தில் முட்டிக்கொண்டது. காதால் பார்க்கிறதா? கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரிய விஞ்ஞானி கூவியேகூட ஒப்புக்கொள்ளவில்லை, தொடு உணர்ச்சியாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1938-இல் ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும் கருவி வைத்திருந்த இயற்பியல் பேராசிரியர் பியர்ஸிடம் சில வௌவால்களைக் கொண்டுபோனார். மௌனமான பிராணி என்று எல்லாரும் நம்பிய வௌவால், விடாமல் கத்திக்கொண்டிருப்பது அன்றுதான் தெரிந்தது!

நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எல்லை. வௌவால்களில் பல ஒரு லட்சத்தையும் தாண்டிக் கத்துகின்றன. பூச்சியை நெருங்கும் கடைசிக் கணத்தில் நொடிக்கு இருநூறு தடவை வரை! அதாவது நம் வீட்டு ஹாலில் அது சுற்றும்போது நாம் மட்டும் அலறவில்லை, அதுவும் அலறுகிறது. நமக்குத்தான் கேட்கவில்லை. இன்னொரு வேடிக்கை: அமெரிக்காவில் ஒரு வகை அந்துப்பூச்சி, வௌவால் நெருங்கும்போது தானும் சொடுக்கொலி எழுப்பி அதன் எதிரொலியைக் குழப்பிவிட்டுத் தப்பிக்கிறது. 2009-இல் சோதனையில் உறுதியானது.

பழந்தின்னிகளுக்கு இந்தத் தொண்டை வித்தை கிடையாது. கண்ணும் மூக்கும்தான் துணை. "வௌவாலுக்குக் கண் தெரியாது" என்று சொல்பவரிடம் அந்தப் பெரிய கண்ணைக் காட்டுங்கள். பூச்சிதின்னிகளுக்கும் பார்வை உண்டு, சும்மா சொல்லக் கூடாது.

இவ்வளவு கெட்டிக்காரப் பிராணிக்குத் திறந்த ஜன்னல் தெரியாதா என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. வழவழப்பான பரப்பு அதன் காதை ஏமாற்றிவிடுகிறது! நேராக நிற்கும் பளபளப்பான தகட்டில் பட்ட ஒலி வௌவாலிடம் திரும்பி வராமல் வேறு பக்கம் தெறித்துப் போகிறது. அதன் காதுக்கு அங்கே சுவர் இல்லை, வெட்டவெளி. 2017-இல் ஸ்டெஃபான் கிரைஃப் குழுவினர் இப்படி வௌவால்கள் தகட்டில் மோதுவதைப் பதிவு செய்தார்கள். அதே கிரைஃப் 2010-இல் செய்த சோதனை இன்னும் விசித்திரம். கிடைமட்டமாக வைத்த வழவழப்பான தகட்டைத் தண்ணீர் என்று நம்பி, வௌவால்கள் மறுபடி மறுபடி இறங்கி நக்கிக் குடிக்கப் பார்த்தன. அதற்கு முன் குளத்தையே கண்டிராத குட்டிகளும்! கண்ணாடி ஜன்னலும் வழுவழு டைல்ஸும் பதித்த நம் ஹாலில் அது தடுமாறினால் முட்டாள் என்று திட்டாதீர்கள்.

விடிந்தும் போகவில்லையா?

இரவில் போகாத வௌவால் எங்கே இருக்கும் தெரியுமா? திரைச்சீலையின் மடிப்பில், லாஃப்டில் கிடக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால், சுவர்க் கடிகாரத்தின் முதுகில், ஆணியில் மாட்டிய சட்டைக்குள். தலைகீழாகத் தொங்கும். தொங்குவதற்கு அது சக்தியே செலவழிப்பதில்லை. உடல் எடை இழுக்க இழுக்க, காலின் தசைநாண் விரல்களைத் தானே பூட்டிக்கொள்கிறது. செத்த பிறகும் விழாமல் தொங்கும் வௌவால்கள் உண்டு!

பகலில் அசையாமல் இருக்கிற வௌவாலை எடுப்பது சுலபம். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, தினசரி காலண்டரின் பின்னட்டை ஒன்று. கையில் தடித்த தோல் கையுறை, தோட்ட வேலைக்கோ வெல்டிங்குக்கோ போடுவது. மெல்லிய ரப்பர் கையுறையை அதன் பல் துளைத்துவிடும். டப்பாவைச் சுவரோடு சேர்த்து அதன் மேல் மெதுவாகக் கவிழுங்கள். அட்டையை ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளுங்கள். அதன் காலும் சிறகு நுனியும் மாட்டாதபடி கவனம். உள்ளே கீச்சிடும், படபடக்கும், விட்டுவிடாதீர்கள். அட்டையோடு சேர்த்து டப்பாவை எடுத்து, மூடி, காற்றுக்குச் சின்னத் துளைகள் போட்டு, இருட்டான மூலையில் வைத்துவிடுங்கள். உள்ளே ஒரு பழைய பருத்தித் துணியைப் போட்டால் அதற்குள் ஒளிந்து அமைதியாகிவிடும்.

உடனே வெளியே விடக் கூடாதா? பகலில் விட்டால் காக்காய்க்கு விருந்து! பொழுது சாய்ந்து இருட்டியதும் எடுத்துப் போங்கள். அதையும் தரையில் வைக்காதீர்கள். வௌவால்களில் பெரும்பாலானவை தரையிலிருந்து கிளம்பத் தடுமாறும். உயரத்திலிருந்து கீழே விழுந்து, விழும் வேகத்தில் சிறகு விரிப்பதுதான் அவற்றின் பழக்கம். ஆகவே மதில் மேலோ மரக்கிளையிலோ டப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துத் திறந்துவிட்டு, எட்டி நில்லுங்கள். சற்று நேரம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கிளம்பும். பறக்கும்போது சின்ன வௌவாலின் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை வரை துடிக்கும், கொஞ்சம் தயாராக வேண்டாமா! சிறகு ஒடிந்திருந்தால் நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம், வனத்துறைக்கோ பிராணிகள் மீட்பவர்களுக்கோ சொல்லுங்கள்.

இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

2004 செப்டம்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தேவாலயம். வழிபாட்டின் நடுவே வௌவால் ஒன்று கீழே விழுகிறது. பதினைந்து வயதுப் பெண் அதைச் சிறகைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுபோய் விடுகிறாள். விரலில் சுருக்கென்று ஒரு கடி. சின்னக் காயம். துடைத்து மருந்து போட்டதோடு சரி. ஒரு மாதம் கழித்து உடல் மரத்துப்போகிறது, பார்வை இரட்டையாகிறது, வலிப்பு வருகிறது. வெறிநோய்! அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்கள் அநேகமாகக் கிடையாது. மருத்துவர் ராட்னி வில்லோபி அவளை மயக்க நிலைக்குக் கொண்டுபோய், மூளையை உறங்க வைத்து, உடல் தானே கிருமியோடு போராட அவகாசம் கொடுத்தார். பிழைத்தாள்! தடுப்பூசியே போடாமல் வெறிநோயிலிருந்து மீண்ட முதல் மனிதர் என்று பதிவானாள். அதே முறையை மற்றவர்களுக்குச் செய்து பார்த்தபோது பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆகவே அதை நம்பி யாரும் கையை நீட்ட வேண்டாம்.

"அது அமெரிக்காவில்" என்கிறீர்களா? நம் நாட்டில் வெறிநோய் என்றால் நாய்தான். உலக அளவில் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாயால் வருவது. இந்தியாவில் வௌவாலால் மனிதருக்கு வந்ததாக உறுதிப்பட்ட பதிவு இல்லை. ஆனால் நாகாலாந்து வௌவால்களின் இரத்தத்தில் இந்தக் குடும்பத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துக் கன்னொறுவையில் பெரிய பழந்தின்னிகளிடமிருந்து வெறிநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே பெற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996 முதல் இன்னொரு உறவுக்காரக் கிருமி உயிர்களைப் பறித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வௌவாலோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டாலே அதை மிகக் கடுமையான மூன்றாம் வகைத் தொடர்பாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

காரணம் அதன் பல். சின்ன வௌவாலின் பல் ஊசிமுனை அளவு. கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தூங்கி எழுந்து பார்த்தால் அறையில் வௌவால் இருக்கிறது, பக்கத்தில் பேசத் தெரியாத குழந்தை படுத்திருக்கிறது என்றால், "ஒன்றும் ஆகியிருக்காது" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி அவர் முடிவெடுக்கட்டும்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால்? குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், ஏனென்றால் இரண்டு நிமிடம் ஆனதுமே போதும் என்று தோன்றிவிடும். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூள் வேண்டாவே வேண்டாம். கட்டுப் போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். கடித்தது வௌவால் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

நிபா? 2018-இல் கோழிக்கோட்டுப் பேராம்பிராவில் அந்த நோய் பரவி 17 பேர் இறந்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றுக்குள் இருந்த வௌவால்கள்மேல்தான் முதல் பழி விழுந்தது. பிடித்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை! அவை பூச்சிதின்னிகள். பிறகு அந்த வட்டாரத்துப் பெரிய பழந்தின்னிகளிடம்தான் கிருமி கிடைத்தது. வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போன வௌவாலால் நிபா வந்துவிடும் என்று அலற வேண்டியதில்லை. பல் பட்ட கொய்யாவையும் மாம்பழத்தையும் அந்தப் பக்கத்தை மட்டும் சீவிவிட்டுத் தின்னும் சிக்கனம்தான் வேண்டாம். முழுப் பழத்தையும் குப்பையில் போடுங்கள்.

எச்சத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்!

மூலையில் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டை. எலியா, பல்லியா, வௌவாலா? ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. குச்சியால் நசுக்கினால் கல்லாக இருப்பது எலி. நொறுங்கித் தூளாகி, அதில் மினுமினுவென்று ஏதோ பளபளத்தால் பூச்சிதின்னி வௌவால். பளபளப்பது வண்டின் ஓடும் பூச்சியின் சிறகும்! காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். பழைய எச்சக் குவியலில் பூஞ்சை வளரும், தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊற வைத்து, ஈரத்தோடு அள்ளுங்கள். எலிபோல வௌவால் ஒயரைக் கடிக்காது, துணியைக் கிழித்துக் கூடு கட்டாது. அந்த மட்டில் நல்ல குடித்தனக்காரர்தான்.

இரத்தம் குடிக்குமா? மூன்றே மூன்று இனம் குடிக்கும், மூன்றும் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரையிலான பகுதியில்தான். நம் ஊர்ப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குள் நுழைந்து இண்டு இடுக்கில் ஒளியும் இந்தப் பழக்கத்தை ஒரு ராணுவமே ஆயுதமாக்கப் பார்த்தது, தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் லைட்டில் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவருக்கு ஒரு யோசனை. ஆயிரக்கணக்கான வௌவால்களின் உடலில் குட்டித் தீக்குண்டைக் கட்டி ஜப்பானிய நகரங்கள் மேல் விட்டால், விடியும்போது மரவீடுகளின் இறவாரத்தில் போய் ஒண்டும், குண்டு வெடிக்கும், ஊர் எரியும்! அரசாங்கம் பணமும் ஒதுக்கியது. 1943-இல் நியூ மெக்சிகோவில் ஒத்திகையின்போது சில வௌவால்கள் தவறுதலாகத் தப்பித்துப் போய் ஒண்டின, ராணுவத்தின் சொந்த விமானத்தளக் கட்டடங்களில். தளம் எரிந்தது. அடுத்த வருடம் திட்டமே கைவிடப்பட்டது.

மேகமலை வௌவால் கதை கேட்டிருக்கிறீர்களா? 1948-இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி, சாதாரணக் குட்டைமூக்கு என்ற சீட்டோடு பம்பாய் அருங்காட்சியகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது உலகுக்கே புதிது என்று கண்டு 1972-இல் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அதே கிட்டியின் பெயரை, அவர் இறந்த 1974-இல், இரண்டு கிராம் எடையுள்ள உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு வைத்தார்கள்! 1972-இல்தான் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அது பழந்தின்னிகளைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிப் பட்டியலில் போட்டது. இலுப்பைக் கொட்டையை ஊரெங்கும் விதைத்து வைக்கிற பிராணிக்கு அரை நூற்றாண்டு அந்தப் பட்டம். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது. ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் சட்டத்துக்கு முன்பிருந்தே இருக்கின்றன.

திரும்பத் திரும்ப வருகிறதென்றால்

அப்படியானால் அது வழிதவறிய விருந்தாளி இல்லை, உங்கள் வீட்டிலேயே எங்கோ குடியிருக்கிறது. ஓட்டுக்கூரையின் இடுக்கு, ஏசி குழாய் போகும் துளை, ரோலிங் ஷட்டரின் பெட்டி, பெயர்ப்பலகையின் பின்புறம். கட்டைவிரல் நுழைகிற இடைவெளி குட்டி வௌவாலுக்குத் தாராளம். மாலை மங்கும் நேரத்தில் வீட்டுக்கு வெளியே நின்று பாருங்கள், எங்கிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து பறக்கின்றன என்று அவையே காட்டிக்கொடுத்துவிடும்.

உடனே சிமென்ட் கரைக்காதீர்கள்! உள்ளே குட்டி இருக்கலாம். வௌவால் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். தாய் இரை தேடப் போன நேரத்தில் துளையை அடைத்தால் குட்டி உள்ளேயே செத்து நாறும், தாய் வேறு வழி தேடி உங்கள் படுக்கையறைக்கு வரும். குட்டைமூக்குப் பழந்தின்னி நம் பக்கம் வருடத்தில் இரண்டு முறை, பிப்ரவரி மார்ச்சிலும் ஜூன் ஜூலையிலும் குட்டி போடுகிறது. பகலில் துளையருகே காதை வைத்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வருகிறதா? சில வாரம் பொறுங்கள். குட்டிகள் பறக்கக் கற்ற பிறகு, துளைக்கு மேலே ஒரு வலையை ஆணியடித்து, கீழ்ப்பக்கம் திறந்திருக்கும்படி பாவாடைபோலத் தொங்கவிடுங்கள். உள்ளிருப்பது ஊர்ந்து கீழே வந்து வெளியேறும், திரும்பி வரும்போது வழி தெரியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, எதுவும் வெளியே வரவில்லை என்று தெரிந்ததும் அடைத்துவிடலாம். அந்துருண்டையை அள்ளிப் போடுவதில் வௌவாலைவிட உங்களுக்குத்தான் தலைவலி. காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பி விரட்டும் கருவி என்று விற்பதையும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். போர்ட்டிகோவில் பழம் தின்னும் பேர்வழிக்கு மட்டும் எளிய வழி: சில நாள் இரவு முழுக்க அங்கே விளக்கெரிய விடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

துளையை அடைக்க மனமே வராதவர்களும் உலகத்தில் உண்டு, தெரியுமா? போர்ச்சுகலில் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தின் 18-ஆம் நூற்றாண்டு நூலகத்தில் பொன்வேலைப்பாடு செய்த அலமாரிகளுக்குப் பின்னால் வௌவால் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. இரவில் வெளிவந்து, பழைய புத்தகங்களைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. விரட்டினார்களா? இல்லை! ஒவ்வொரு மாலையும் ஊழியர்கள் அந்தக் காலத்து மேசைகள் மேல் தோல் விரிப்பைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள், காலையில் வந்து எச்சத்தைத் துடைக்கிறார்கள்.